ஒரே மதிப்பு, பல தோற்றம்: தரவுத்தள வினவல் கருவிகளில் பதின்ம எண்களின் காட்சி வேறுபாடு

0. முன்னுரை

மொழியாய்வாளர் திரட்டும் தரவுகளில் சொற்களுக்கும் தொடர்களுக்கும் அடுத்தபடியாக மிகுதியும் இடம்பெறுவன எண்களே. சொல்வருகை விகிதம், கிளைமொழிகளுக்கிடையேயான ஒப்புமை அளவு, உயிரொலிகளின் அதிர்வெண், ஒலியின் கால அளவு, மொழிபெயர்ப்பு நினைவகத்தில் ஒரு தொடர் முந்தைய தொடரோடு பொருந்தும் விழுக்காடு ஆகிய யாவும் பின்னங்களாகக் கணிக்கப்படுவன. முன்பு அட்டைகளில் எழுதிவைக்கப்பட்ட இவ்வெண்கள் இன்று தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. தரவுத்தளத்திடம் ஒரு வினாவை விடுத்து விடையைத் திரையில் பெறுதற்கு உதவும் மென்பொருள் வினவல் கருவி எனப்படும்.

ஒரே தரவை இரண்டு வினவல் கருவிகளில் திறந்து பார்ப்போர் சில வேளைகளில் வியப்புறுகின்றனர். 0.1, 0.2 ஆகிய இரண்டையும் கூட்டிய விடை ஒரு கருவியில் 0.3 எனவும் மற்றொன்றில் 0.30000000000000004 எனவும் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்னும் வினா உடனே எழுகின்றது. அவ்வினாவே பொருத்தமற்றது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இரண்டு கருவிகளும் ஒரே மதிப்பையே பெற்றுள்ளன. அதனை எழுதிக்காட்டும் மரபே வேறு. தோற்ற வேறுபாடு மதிப்பு வேறுபாட்டுக்குச் சான்றாகாது. அதுபோலவே, தோற்ற ஒற்றுமை மதிப்பு ஒற்றுமைக்கும் சான்றாகாது. இவற்றுள் பின்னதே ஆய்வு முடிவுகளை மிகுதியும் பாதிப்பது. மொழியியலார்க்கு மட்டுமன்றி, இத்தகைய மென்பொருள்களின் கையேடுகளைத் தமிழாக்குவோர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

1. மூன்று தளங்கள்

ஓர் எண்ணைக் குறித்துப் பேசுங்கால் மூன்று தளங்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, ஆய்வாளர் கருதிய மதிப்பு. எடுத்துக்காட்டாக, பத்தில் ஒன்று. இரண்டாவது, அம்மதிப்பைக் கணிப்பொறி தன் நினைவகத்தில் பதிந்துவைக்கும் உள்வடிவம். மூன்றாவது, அவ்வுள்வடிவத்தைக் கருவி திரையில் இலக்கங்களாக எழுதும் காட்சிவடிவம்.

மொழியியலார்க்கு இப்பாகுபாடு புதியதன்று. 'தந்தை' என்னும் சொல்லில் தகரம் இருமுறை வருகிறது. சொல்முதலில் அது ஒலிப்பிலா ஒலியாகவும் மெல்லெழுத்தின்பின் ஒலிப்புடை ஒலியாகவும் ஒலிக்கிறது. செவிக்கு இரண்டாயினும் ஒலியன் ஒன்றே. சூழலே மாற்றொலியைத் தீர்மானிக்கிறது. அவ்வாறே 0.3, 0.30000000000000004 என்பனவும் ஓர் உள்வடிவத்தின் இரு தோற்றங்களாக அமையலாம். இங்குச் சூழல் என்பது கருவியும் அதன் அமைப்புகளும் ஆகும்.

இதன் மறுதலையும் மொழியில் உண்டு. ழகரம் ளகரமாக ஒலிக்கும் வட்டாரங்களில் 'வாழை', 'வாளை' என்னும் இரு சொற்கள் செவிக்கு ஒன்றாகின்றன. பொருளில் இரண்டாகவே நிற்கின்றன. எண்களிலும் இரு வேறு உள்வடிவங்கள் ஒரே காட்சிவடிவம் பெறுதல் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அவற்றைக் கணிப்பொறி வேறென்றே கொள்ளும்.

2. பின்னங்களும் எழுத்து முறைகளும்

பத்தில் ஒன்று என்னும் எளிய மதிப்பைக் கணிப்பொறியால் ஏன் அப்படியே பதிய இயலவில்லை என்பதை முதலில் நோக்கலாம். ஒரு பின்னம் முடிவுற்று நிற்குமா என்பது அப்பின்னத்தை மட்டும் பொறுத்ததன்று. அதனை எழுதும் முறையையும் பொறுத்தது.

மூன்றில் ஒன்றைப் பதின்ம முறையில் எழுதப் புகுந்தால் 0.333 என முடிவின்றி நீளும். பத்தின் பகாக் காரணிகள் இரண்டும் ஐந்துமே. இவ்விரண்டால் மட்டும் அமைந்த பகுதிகளையுடைய பின்னங்களே பதின்ம முறையில் முடிவுறும். மூன்று அக்காரணிகளுள் இல்லை.

தமிழ் மரபின் பின்ன வாய்பாடு இதற்குத் தெளிவான ஒப்புமை தருகிறது. முந்திரி 320இல் ஒன்று. அரைக்காணி 160இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. அரைக்கால் எட்டில் ஒன்று. 320 என்னும் எண் ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கிப் பெறப்படுவது. ஆகவே இருமா எனப்படும் பத்தில் ஒன்றும் நாலுமா எனப்படும் ஐந்தில் ஒன்றும் இம்முறையில் முழுமையாக அமைகின்றன. மூன்றில் ஒன்றுக்கோ இவ்வாய்பாட்டில் நேர்ப்பெயர் அமைய வழியில்லை. முந்திரிக்கும் கீழே சென்று கீழ்முந்திரி என்னும் 1,02,400இல் ஒரு பங்கைக் கொண்டு அளந்தாலும் அதனை நெருங்கலாமேயன்றி எட்டவியலாது.

கணிப்பொறி கையாளும் இரும முறையில் அடிமானம் இரண்டு. அதன் ஒரே காரணியும் இரண்டே. எனவே அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியன இரும முறையில் முடிவுறும். மா, காணி, முந்திரி ஆகியன ஐந்து என்னும் காரணியை உடையனவாதலின் முடிவுறா. இருமாவாகிய பத்தில் ஒன்றும் அவ்வாறே முடிவின்றி நீளும். பதின்ம முறையில் மூன்றில் ஒன்றுக்கு நேர்வது இரும முறையில் பத்தில் ஒன்றுக்கு நேர்கிறது. கணிப்பொறி இங்குக் கணக்கில் தவறவில்லை. அதன் எழுத்துமுறையில் அம்மதிப்புக்கு முடிந்த வடிவம் இல்லை என்பதே உண்மை.

3. மிதவைப்புள்ளி என்னும் உள்வடிவம்

அறிவியலார் 1600 என்பதை 1.6 × 10³ என எழுதுவர். இலக்கங்களை ஒருபுறமும் புள்ளியின் இடத்தைக் காட்டும் அடுக்கை மறுபுறமும் தனித்தனியே வைப்பதால் மிகப்பெரிய எண்ணையும் மிகச்சிறிய எண்ணையும் ஒரே அளவு இடத்தில் எழுதலாம். புள்ளி ஓரிடத்தில் நிலைத்திராமையின் இம்முறை மிதவைப்புள்ளி முறை எனப்பட்டது. 1985இல் வெளியாகி 2008, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்ற ஐ.இ.இ.இ. 754 என்னும் தரம் இதனை வரையறுக்கிறது.

இத்தரத்தின் இரட்டை வடிவம் 64 இரும இலக்கங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கும் 11 அடுக்குக்கும் 52 எண்ணின் இலக்கங்களுக்கும் உரியன. எழுதப்படாது கொள்ளப்படும் முதல் இலக்கத்தையும் சேர்த்தால் பொருளுறு இரும இலக்கங்கள் 53 ஆகும். ஒற்றை வடிவமோ 32 இரும இலக்கங்களைக் கொண்டது. அதில் பொருளுறு இலக்கங்கள் 24.

பத்தில் ஒன்றை இரட்டை வடிவில் பதியுங்கால் கணிப்பொறி தன்னால் எழுதவியலும் எண்களுள் அதற்கு மிக அண்மையதைத் தெரிந்துகொள்கிறது. அவ்வெண்ணைப் பதின்ம முறையில் முழுமையாக எழுதினால் 0.1000000000000000055511151231257827021181583404541015625 எனப் புள்ளிக்குப்பின் 55 இலக்கங்கள் வரும். பத்தில் ஒன்று எனக் கருதி உள்ளிட்டவர் பெற்றிருப்பது இவ்வெண்ணையே. இதனை அப்படியே காட்டினால் படிப்போர்க்குப் பயனில்லை. எத்தனை இலக்கங்களோடு நிறுத்துவது என்பதைக் கருவியே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. காட்சி வேறுபாடுகளின் ஊற்று இம்முடிவே.

4. கருவிகளின் காட்சி மரபுகள்

4.1. மூவகை மரபு

இரட்டை வடிவ எண்களைக் காட்டுதற்குப் பொதுவாக மூன்று மரபுகள் உள. பதினைந்து பொருளுறு இலக்கங்களோடு நிறுத்துதல் முதலாவது. பதினைந்து இலக்கங்களுக்கு மிகாத ஒரு பதின்ம எண்ணை உள்ளிட்டால், இம்மரபு அதனை மாறாது திருப்பித் தரும். பதினேழு இலக்கங்கள் காட்டுதல் இரண்டாவது. அவ்வாறு காட்டிய எண்ணை மீண்டும் உள்ளிட்டால் அதே உள்வடிவம் கிடைக்கும். மூன்றாவது, அதே உள்வடிவத்தை மீட்டுத்தரவல்ல எண்களுள் மிகக் குறுகியதைக் காட்டுதல்.

மூன்றாவது மரபை ஓர் ஊர்வழக்கால் விளக்கலாம். ஊரில் முருகன் ஒருவரே எனின் பெயர் மட்டும் போதும். இருவர் எனின் தலைப்பெழுத்தும் வேண்டும். அண்டை எண்ணோடு மயங்காதிருக்க எத்தனை இலக்கங்கள் வேண்டுமோ அத்தனையே எழுதுவது இம்மரபு. ஸ்டீல், ஒயிட் ஆகிய இருவர் 1990இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. உல்ஃப் ஆடம்ஸ் 2018இல் வெளியிட்ட ரியூ என்னும் விரைவு வழிமுறை இதனைப் பரவலாக்கியது.

பத்தில் ஒன்றின் உள்வடிவம் முதல் மரபில் 0.1 எனவும் இரண்டாவதில் 0.10000000000000001 எனவும் மூன்றாவதில் மீண்டும் 0.1 எனவும் வரும். 0.3 என நேராக உள்ளிட்ட எண், இம்மூன்றிலும் முறையே 0.3, 0.29999999999999999, 0.3 எனத் தோன்றும். 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டிப் பெற்ற எண்ணோ முறையே 0.3, 0.30000000000000004, 0.30000000000000004 எனத் தோன்றும். முதல் மரபில் ஒன்றாகத் தோன்றிய இரண்டும் ஏனைய இரண்டில் பிரிகின்றன. அவை உள்வடிவில் என்றும் இரண்டே.

4.2. போஸ்ட்கிரஸ்கியூஎல்

இத்தரவுத்தளத்தின் 11ஆம் பதிப்பு வரை முதல் மரபே இயல்பாக வழங்கியது. 2019இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல் குறுகிய வடிவ மரபு இயல்பாயிற்று. பதிப்பை மாற்றிய நாளன்று 0.3 என்றிருந்த விடை 0.30000000000000004 என மாறித் தோன்றியதற்குத் தரவில் நிகழ்ந்த மாற்றம் எதுவும் காரணமன்று.

பதிப்பு ஒன்றாயினும் கருவி வேறுபட்டால் தோற்றம் வேறுபடுதலும் உண்டு. கூடுதல் இலக்கங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும் ஓர் அமைப்பு இத்தரவுத்தளத்தில் உள்ளது. கட்டளைவரிக் கருவி அதனை இயல்புநிலையில் விட்டுவிடும். ஜாவா மொழிவழி இணையும் கருவிகளோ இணையும்போதே அதனை உயர்த்திக்கொள்ளும். ஆகவே பழைய பதிப்புகளில் ஒரே வழங்கியிலிருந்து ஒரே நேரத்தில் இருவர் இரு வேறு இலக்கத் தொடர்களைக் காண நேர்ந்தது. தரவைப் படியெடுக்கும் கருவியும் மதிப்பு கெடாதிருத்தற்பொருட்டு அவ்வமைப்பை உயர்த்தியே வைக்கிறது.

4.3. மைஎஸ்கியூஎல்

இதில் ஃப்ளோட் என்னும் ஒற்றை வடிவ நிரல் ஆறு பொருளுறு இலக்கங்களோடு காட்டப்படுகிறது. அந்நிரலில் 0.1 என உள்ளிட்டால் 0.1 என்றே தோன்றும். ஆயின் 0.1க்குச் சமமான வரிசைகளைத் தருக எனக் கேட்டால் ஒன்றும் வாராது. ஒப்பீடு இரட்டை வடிவில் நிகழ்கிறது. ஒற்றை வடிவில் பதிந்த பத்தில் ஒன்றும் இரட்டை வடிவில் பதிந்த பத்தில் ஒன்றும் வெவ்வேறு எண்கள். அந்நிரலோடு சுழியைக் கூட்டிக் காட்டச் சொன்னால் 0.10000000149011612 என உண்மை புலப்படும்.

4.4. எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள்

எஸ்கியூஎல் சர்வரில் மிதவைப்புள்ளி எண்ணை எழுத்துத்தொடராக மாற்றும்போது, வேறு குறிப்புத் தராவிடில், ஆறு இலக்கங்களே எஞ்சும். 1234567.891 என்பது 1.23457e+006 என ஆகிவிடும். இழப்பின்றி மாற்றப் பதினேழு இலக்கங்கள் தரும் பாணியை வெளிப்படையாகக் குறிப்பிடல் வேண்டும். முன்னவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றில் மாறியது தோற்றம் மட்டுமே. இங்கு மாற்றிய தொடரைச் சேமித்துவிட்டால் காட்சிவடிவமே புதிய மதிப்பாகிவிடுகிறது.

ஆரக்கிளின் நம்பர் வகை இருமமன்று; பதின்ம அடிப்படையினது; 38 இலக்கங்கள் வரை ஏற்பது. ஆயினும் எஸ்கியூஎல் பிளஸ் என்னும் அதன் கருவியில் ஒன்றை மூன்றால் வகுத்தால் .333333333 என ஒன்பது மூன்றுகளே தோன்றும். எண்ணுக்கென ஒதுக்கிய அகலம் இயல்பாகப் பத்து என்பதே காரணம். அகலத்தைக் கூட்டினால் இலக்கங்களும் கூடும். காட்சி வேறுபாடுகள் அனைத்துக்கும் இரும முறையே காரணம் எனக் கொள்ளலாகாது என்பதற்கு இது சான்று.

5. தோற்றம் ஒன்றாகி மதிப்பு வேறுபடுதல்

இனி, ஆய்வு முடிவையே மாற்றவல்ல நிலையை நோக்கலாம். இரு ஊர்களின் பேச்சை ஒப்பிடப் பத்துக் கூறுகள் தெரிந்தெடுக்கப்பட்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் 0.1 மதிப்பு அளிக்கப்பட்டதாகக் கொள்க. ஒப்புமை 0.8 அல்லது அதற்கு மேலிருப்பின் ஒரே கிளைமொழி என்பது வரையறை. ஓர் இணையில் எட்டுக் கூறுகள் ஒத்துள்ளன. எட்டு முறை 0.1ஐ ஒவ்வொன்றாக இரட்டை வடிவில் கூட்டினால் கிடைப்பது 0.7999999999999999. பதினைந்து இலக்கக் கருவி இதனை 0.8 என்றே காட்டும். ஆயின் 0.8க்குக் குறையாத இணைகளைத் தேர்க என வினவினால் இவ்விணை விடுபட்டுவிடும். திரையில் 0.8 எனக் காண்கின்ற ஆய்வாளர் தம் பட்டியலில் அவ்வூர்கள் இல்லாமைக்குக் காரணம் அறியார். எட்டு என்னும் எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்துக்கொண்டு இறுதியில் பத்தால் வகுத்திருப்பின் இச்சிக்கல் எழுந்திராது.

கூட்டும் வரிசையும் விடையை மாற்றும். 0.1, 0.2, 0.3 ஆகியவற்றுள் முதல் இரண்டை முன்னர்க் கூட்டினால் 0.6000000000000001 எனவும் பின் இரண்டை முன்னர்க் கூட்டினால் 0.6 எனவும் வரும். பெருந்தரவுத்தளங்கள் பணியைப் பலவாகப் பகுத்து இணையாகக் கூட்டுவனவாதலின், ஒரே வினா இருமுறை விடுக்கப்படும்போது கடைசி இலக்கம் வேறுபடலாம்.

இத்தகைய சிறு விலகல்கள் புறக்கணிக்கத்தக்கன எனக் கருதுவோர்க்கு இரு நிகழ்ச்சிகள் விடையாகும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எதிர்வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. அமெரிக்க வீரர் 28 பேர் இறந்தனர். பத்தில் ஒரு நொடியை அலகாகக் கொண்டு காலத்தை எண்ணிய அவ்வமைப்பு, பத்தில் ஒன்றை 24 இரும இலக்கங்களில் வெட்டிப் பதிந்திருந்தது. ஏறத்தாழ நூறு மணி நேரம் நிறுத்தாது இயங்கியதில் அவ்விலகல் பெருகி 0.34 நொடியாயிற்று. இது உள்வடிவில் நேர்ந்தது. அங்குக் கையாண்டது மிதவைப்புள்ளி முறை அன்றாயினும் முடிவுறா இருமப் பின்னமே மூலம்.

மற்றது காட்சிவடிவில் நேர்ந்தது. 1992 ஏப்ரல் 5 அன்று செருமனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. ஐந்து விழுக்காடு வாக்குப் பெறாத கட்சிக்குப் பொதுவிதிப்படி அங்கு இடமில்லை. பசுமைக் கட்சி பெற்றது 4.97 விழுக்காடு. முடிவுகளை அச்சிட்ட மென்பொருள் புள்ளிக்குப்பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்தி 5.0 எனக் காட்டிற்று. கட்சி சட்டமன்றம் புகுந்ததாகவே கொள்ளப்பட்டது. பின்னர் உண்மை அறியப்பட்டு இடங்கள் திருத்தப்பட்டபோது, சமூக சனநாயகக் கட்சி 89 இடங்களுள் 45 பெற்று ஓர் இட வேறுபாட்டில் பெரும்பான்மை எய்தியது. உள்ளே இருந்த எண் சரியாகவே இருந்தது. அதனை எழுதிக்காட்டிய முறையே பிழைபட்ட முடிவுக்கு இட்டுச்சென்றது.

6. எண்போல் தோன்றும் குறியீடுகள்

இலக்கங்களால் எழுதப்படுவன அனைத்தும் அளவைகள் அல்ல. மொழியியல் நூல்களில் எடுத்துக்காட்டுத் தொடர்களும் உட்பிரிவுகளும் 3.1, 3.2 எனத் தொடங்கி 3.10 வரை எண்ணிடப்படுவதுண்டு. இவற்றை எண் வகை நிரலில் சேமித்தால் 3.1உம் 3.10உம் ஒன்றாகிவிடும். புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கங்கள் என வரையறுத்த பதின்ம நிரலைப் பல தரவுத்தளங்கள் எப்போதும் இரண்டு இலக்கங்களோடு காட்டும், அங்கு 3.1 என்பதே 3.10 எனத் தோன்றும். ஆரக்கிள் இறுதிச் சுழியை இயல்பாக நீக்கிவிடும், அங்கு 3.10 என்பது 3.1 எனத் தோன்றும். இரண்டிலும் முதல் தொடரும் பத்தாம் தொடரும் மயங்குகின்றன.

நூலகத் துறையின் தூயி பதின்மப் பகுப்பில் தமிழ்மொழிக்குரிய எண் 494.811. இது அளவன்று, பெயர். இதனை ஒற்றை வடிவ மிதவைப்புள்ளியில் பதிந்தால் உண்மையில் சேர்வது 494.811004638671875. ஆறிலக்கக் காட்சியில் குறை தெரியாது. தேடும்போது நூல் கிட்டாது.

முழு எண்களும் இதற்கு விலக்கல்ல. இரட்டை வடிவம் 9007199254740992 வரையுள்ள முழு எண்களையே ஒன்றுவிடாது பதியவல்லது. அதற்கு அடுத்த எண்ணை உள்ளிட்டால் முந்தையதே திரும்பும். எக்செல் விரிதாள் பதினைந்து இலக்கங்களுக்கு மேற்பட்டவற்றைச் சுழியாக்கிவிடும். பதினாறு இலக்கங்கள் கொண்ட பதிவெண்களை அதில் திறந்து மூடினால் கடைசி இலக்கம் கெடும்.

7. கலைச்சொற்களும் மொழிபெயர்ப்பும்

இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் துல்லியம் என்னும் சொல்லே. ஆங்கிலத்தில் பிரெசிஷன், அக்யூரசி என்பன வெவ்வேறு பொருளன. எத்தனை இலக்கங்கள் எழுதப்பட்டன என்பது முன்னது. எழுதியது உண்மைக்கு எவ்வளவு அண்மையது என்பது பின்னது. பனையின் உயரம் 12.34567 மீட்டர் எனத் தவறாகக் கூறுவார் முன்னதை மிகுதியாகவும் பின்னதைக் குறைவாகவும் உடையவர். தமிழில் இரண்டுக்கும் துல்லியம் என்றே எழுதினால், பதினேழு இலக்கங்கள் காட்டும் கருவி பதினைந்து காட்டுவதைவிட மெய்யானது எனப் படிப்போர் மயங்குவர். முன்னதை நுண்மை எனவும் பின்னதைத் துல்லியம் எனவும் வழங்கின் மயக்கம் நீங்கும். டபிள் பிரெசிஷன் என்பதை இரட்டைத் துல்லியம் என்னாது இரட்டை நுண்மை எனலாம்.

எஸ்.கியூ.எல். மொழியில் டெசிமல் வகையின் இரு வரையறைகளுள் ஒன்று மொத்த இலக்கங்களின் எண்ணிக்கை. மற்றொன்று புள்ளிக்குப்பின் வருவனவற்றின் எண்ணிக்கை. ஸ்கேல் எனப்படும் பின்னதை அளவுகோல் என மொழிபெயர்த்தால் பொருள் விளங்காது. பின்ன இலக்க எண்ணிக்கை என்பதே பொருந்தும். ரியல் என்னும் வகைப் பெயரை மெய்யெண் எனல் மரபாயினும் விழிப்புத் தேவை. கணிதத்தின் மெய்யெண்கள் முடிவிலாதன. கணிப்பொறியின் அவ்வகையோ எண்ணிக்கையில் அடங்கிய சில பின்னங்களின் தொகுதியே.

எர்ரர் என்னும் சொல்லை எங்கும் பிழை என்பதும் பொருந்தாது. முடிவுறா எண்ணை அண்மைய எண்ணால் குறித்தல் முழுமைப்படுத்தல் ஆகும். அதனால் எழும் வேறுபாடு எவரும் இழைத்த தவறன்று. இலக்கண நூலார் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு வழுவமைதியையும் கூறினர். காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட விலகல் அது. முழுமைப்படுத்தலும் அத்தகையதே, அதற்கு விலகல் என்னும் சொல் போதும். தஹ்ரானிலும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைனிலும் தீங்கு விளைந்தது, விலகல் இருந்ததனால் மட்டுமன்று. விலகல் உண்டென்பது உரிய இடத்தில் கருதப்படாமையால்.

எழுத்து மரபும் நோக்கத்தக்கது. செருமானியர் 4.97 என்பதை 4,97 எனக் காற்புள்ளி இட்டு எழுதுவர். இந்தியாவில் காற்புள்ளி ஆயிரம், இலட்சம் ஆகியவற்றைப் பிரிப்பது. 1,234 எனத் தோன்றுவது ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணா, ஒன்றேகாலுக்கும் குறைந்த பின்னமா என்பதைக் கருவியின் வட்டார அமைப்பை அறிந்தே துணிதல் வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழித்தரவு கையாள்வோர் கடைப்பிடிக்கத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன.

அ. எண்ணிக்கைகளை முழு எண்களாகவே சேமித்து, விகிதங்களை வேண்டும்போது கணித்தல்.

ஆ. தொகை, மதிப்பெண் முதலிய, பதின்மத்தில் முடிவுறும் அளவுகளுக்கு டெசிமல் வகையையும், கருவிகொண்டு அளந்த அதிர்வெண், கால அளவு முதலியவற்றுக்கு மிதவைப்புள்ளி வகையையும் தெரிதல்.

இ. பதிவெண், பகுப்பெண், தொடரெண் ஆகியவற்றை எழுத்துத்தொடராகவே வைத்தல்.

ஈ. மிதவைப்புள்ளி எண்கள் சமமா என வினவாது, வேறுபாடு குறித்த வரம்புக்குள் உள்ளதா என வினவுதல்.

உ. முழுமைப்படுத்தலை இறுதிக் காட்சிக்கு மட்டும் கொண்டு, வரையறைக்கு உட்பட்டதா என்பதை அதற்கு முன்னரே துணிதல்.

ஊ. தரவை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்துவடிவில் மாற்றும்போது இரட்டை வடிவுக்குப் பதினேழும் ஒற்றை வடிவுக்கு ஒன்பதும் ஆகப் பொருளுறு இலக்கங்களை விடாது எழுதுதல்.

எ. கட்டுரையில் எண்களை வெளியிடும்போது தரவுத்தளத்தின் பதிப்பையும் நிரலின் வகையையும் குறிப்பிடுதல்.

களப்பணியில் ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் ஒலியை ஒலியனாகக் கொள்ளாது, சூழல் நோக்கித் துணிவதே மொழியியலாரின் பயிற்சி. திரையில் தோன்றும் எண்ணையும் அதே பயிற்சியோடு நோக்கின், இல்லாத வேறுபாட்டை உண்டெனக் கொள்வதும் உள்ள வேறுபாட்டைக் காணாது விடுவதும் தவிர்க்கப்படும்.